கண் திறக்காத குதிரையின் எடை

"அய்யா, என் குதிரை கனத்துப்போச்சு" என்றார் வந்தவர்.

கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் காரைக்குடி அலுவலகம் அது. இன்ஸ்பெக்டர் காளிதாஸ் உடனே தலை நிமிரவில்லை. யாரோ துளைபோட்டு ஈயத்தைச் சுரண்டியிருந்த ஓர் இரண்டு கிலோ கல்லை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்த பிறகுதான் கேட்டார்.

"என்ன குதிரை?"

"மண்ணுக் குதிரைங்க. அய்யனாருக்கு நேர்ந்துக்கிட்டது."

அவரை அழைத்து வந்த ஏட்டு அரசப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தை நாட்களில் கள்ளத் தராசு பிடிக்கப் போகும்போது காளிதாஸுக்குத் துணையாகப் போவது அவர்தான். ஆறடி உடம்பு, பெரிய மீசை. ஆனால் ராத்திரியில் அரச மரத்தடியில் தனியாக நடக்கச் சொன்னால் யோசிப்பார். "இவரு மேலக்கொன்றையூர்ல குதிரை செய்யிற வேளார் சார், பேரு சின்னச்சாமி. மூணு வாரமா நான் அந்த ஊருலதானே கெடக்கேன். அம்மன் கோயில் மணி காணாமப் போனதுலேர்ந்து ஊருக்கு ரெண்டு பக்கமும் ஆளைப் போட்டு, வண்டி வண்டியாச் சோதிச்சுக்கிட்டு இருக்கோம். மணியும் கிடைக்கல, மண்ணும் கிடைக்கல. இப்ப இது வேற."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருடத்து வைகாசி. கீழச்சிவல்பட்டிக்கு அப்பால் இருக்கும் மேலக்கொன்றையூரில் வெள்ளிக்கிழமை புரவி எடுப்பு. குயவர் வீட்டிலிருந்து மண் குதிரைகளைத் தோளில் சுமந்துபோய், ஊர் எல்லையில் ரோட்டோரம் இருக்கும் அய்யனார் தோப்பில் இறக்கி வைப்பார்கள். பெரிய குதிரையைத் தூக்க எட்டு ஆள்.

"பெரிய குதிரைக்கு எப்பவும் இருபத்தெட்டுத் தகரம் மண்ணு போகும்" என்றார் சின்னச்சாமி. "இந்த வருஷம் இருபத்தஞ்சுதான். நேர்ந்துக்கிட்டவரு ஆசைத்தம்பி. 'தூக்கறவுக சிரமப்பட வேணாம், சின்னதாவே செய்யி'ன்னுட்டாரு. சின்னக் குதிரைங்க அது. சனிக்கிழமை ராத்திரி கோடை மழை கொட்டி, கொட்டகை ஒழுகி நனஞ்சுச்சு. நேத்துத் தூக்கிப் பாத்தாக. இடுப்பு உசரம் வந்ததும் எட்டுப் பேருக்கும் முழங்கால் மடங்கிருச்சு. ஒருத்தருக்குத் தோள்பட்டையே இறங்கிப்போச்சு."

"மழை குடிச்ச மண்ணு கனக்கத்தானே செய்யும்?"

"அப்படித்தான் நானும் சொன்னேன். கோடாங்கி சோமு உடுக்கை அடிச்சுப் பாத்துட்டு வேற சொல்றாரு." சின்னச்சாமியின் குரல் தணிந்தது. "கண்ணு திறக்குமுன்ன குதிரையில சாமி ஏறி உக்காந்துருச்சாம். மண்ணு மிதிச்ச காலு சுத்தமில்லையாம். மிதிச்சவ என் தங்கச்சி ராக்காயி. புருசனைப் பறிகொடுத்துட்டு என்னோட இருக்கா. வெள்ளிக்கிழமை குதிரை எந்திரிக்கலைன்னா அவ ஊரை விட்டுப் போயிரணும்னு முடிவு பண்ணிட்டாக. அவளும் நம்ப ஆரம்பிச்சுட்டா அய்யா. குதிரை முனகுதுங்கிறா. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அது மண்ணு கனமா, சாமி கனமா?"

காளிதாஸ் மூலையில் நின்ற பெரிய தராசைப் பார்த்தார். காரைக்குடித் தட்டார வீட்டுப் பிள்ளை அவர். குன்றிமணி எடைக்குக் கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வீட்டில் வளர்ந்தவர்.

"சாமியை நிறுக்க எனக்கு அதிகாரமில்லை, வேளாரே. மண்ணை நிறுக்கலாம். ஏட்டையா, பிளாட்பாரத் தராசை பஸ் மேல ஏத்தச் சொல்லுங்க."

மதியத்துக்கு மேல் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குயவர் வீட்டுப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. தெருவில் விளையாடிய பிள்ளைகளைத் தாய்மார்கள் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். கொட்டகைக்குள் வெளிச்சம் ஓலை இடுக்கு வழியாகக் கோடு கோடாக விழுந்து கிடந்தது. சிறிய குதிரைகள் ஒரு ஓரமாக நின்றன. நடுவில் அது நின்றது.

அரசப்பன் எத்தனையோ புரவி பார்த்தவர். ஆனால் கண் எழுதுவதற்கு முந்தைய புரவியை இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. கழுத்துச் சலங்கைக்குச் சிவப்பு, வாய்க்குக் கருப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு வெற்று மேடுகள். பார்க்க முடியாத ஒன்று, வந்தவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காதால் கவனிப்பதுபோல் இருந்தது. வயிற்றின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

அதன் முன்னங்காலுக்குப் பக்கத்தில் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களை ஏறிட்டும் பார்க்காமல் இருந்தாள்.

"முனகுதுன்னு சொன்னீகளாம். எப்ப, தாயி?" காளிதாஸ் அவளுக்கு எதிரே தரையில் குந்தினார்.

"சாயங்காலம். தினமும் ஒரு தடவை." அவள் குரலில் உயிரில்லை. "உம்முனு கேக்கும். வயித்துக்குள்ளேர்ந்து. மழைக்கு முந்தியே கேட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

தராசை இறக்கி, மட்டம் பார்த்து, தாம் கொண்டுவந்த படிக்கற்களை ஏற்றி இறக்கி மூன்று தடவை சரிபார்த்தார் காளிதாஸ். கூலி பேசிக் கூட்டிவந்த பத்து வெளியூர் ஆட்கள் குதிரையைப் பலகையோடு தூக்கி வைத்தார்கள். பலகை எடையைக் கழித்து அவர் நோட்டில் எழுதியது: இருநூற்று இருபத்திரண்டு கிலோ.

பிறகு கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வந்தார். குதிரையின் பின்னால் உடைந்த மண்கால் ஒன்று கிடந்தது.

"முதல்ல செஞ்ச காலு அது" என்றார் சின்னச்சாமி. "சூளையில விரிசல் விட்டுச்சுன்னு மாத்திட்டோம். அதே மண்ணு, அதே பருமன், அதே சூளை. அதுவும் நனஞ்சுதான் கெடக்கு."

காளிதாஸ் அந்தக் காலையும் நிறுத்தார். நான்கு கிலோ நானூறு கிராம். "இது குதிரை பக்கத்திலேயே கெடக்கட்டும். மேலே ஓலையைப் பிரிச்சு ரெண்டு நாள் வெயில் விழச் செய்யுங்க. குதிரை மண்ணுல மிச்சம் இருக்கா?" சாக்குப் போட்டு மூடியிருந்த குழியிலிருந்து சரியாக ஒரு கிலோ ஈர மண்ணை நிறுத்து, உருட்டி, சூளையில் போடச் சொன்னார்.

அரசப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "குதிரையை உடைச்சுப் பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும் சார்."

"காப்புக் கட்டின குதிரையை உடைச்சா, உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு வச்சுக்குங்க. அந்தப் பொண்ணு கதி என்ன? ஊரு நம்ம கதியையும் சேர்த்துப் பாத்துக்கும்."

குதிரை சூளையிலிருந்து வந்தபிறகு அதன் அருகில் தனியாக இருந்தவர்கள், வீட்டாரை விட்டால், மூன்று பேர். வர்ணம் பூசிய இராமு, காப்புக் கட்டிய கோடாங்கி சோமு, நேர்ந்துகொண்ட ஆசைத்தம்பி. மூவரையும் காளிதாஸ் தனித்தனியாகப் பார்த்தார். தராசு காட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டது ஒரே கேள்விதான்: "இருக்க வேண்டியதைவிட எவ்வளவு கூடியிருக்கும்னு நெனைக்கிறீக?"

இராமு மெலிந்த மனிதர். விரலிடுக்கில் காவி காய்ந்திருந்தது. "ரெட்டிப்பு சார். சத்தியமா ரெட்டிப்பு. கண்ணெழுதுற வேலை பாக்கி இருக்கு. ஊருல ஒரு உயிரு போகும்னு கோடாங்கி சொல்றாரு. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். எம் புள்ளைகளுக்கு நான் வேணும்."

சோமு கண்ணை மூடிக்கொண்டார். "சாமி கனத்துக்கு அளவு கேக்கிறீகளே, தகுமா?"

ஆசைத்தம்பியைத் தேடி அவர் சாமான் அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குப் போக வேண்டியிருந்தது. ஆளில்லாத செட்டியார் வீடுகளை விலைக்கு வாங்கிப் பிரித்து, பர்மாத் தேக்குத் தூண்களையும் கதவுகளையும் வெளியூருக்கு விற்கிறவர் அவர். சொந்த லாரி வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தங்க நிறக் கடிகாரம். வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"ஊரு பூராம் பயந்து சாகுது இன்ஸ்பெக்டர். மழையில நனஞ்ச மண்ணு, வேற என்ன? கூடிப்போனா நூத்துக்குப் பதிமூணு கூடியிருக்கும். இன்னும் ரெண்டு ஆளைப் போட்டா எந்திரிச்சிரும். பாவம் அந்தப் பொம்பளையைப் போட்டு வதைக்கிறாக. நானே கோடாங்கிகிட்டப் பேசுறேன்."

நல்ல மனுசன் என்று அரசப்பன் நினைத்துக்கொண்டார். காளிதாஸ் வெளியே வந்து நோட்டில் ஏதோ ஒரு எண்ணை எழுதி, அதன் கீழே கோடு போட்டார்.

சின்னச்சாமி வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. விட்டுப்போன தொப்பியை எடுக்க அரசப்பன் மட்டும் கொட்டகைக்குள் போனார். ராக்காயி அதே இடத்தில் இருந்தாள். தெருக்கோடியில் ரோட்டில் திருப்பத்தூர் பஸ் போகிற இரைச்சல் கேட்டது. அப்போதுதான் அது வந்தது.

முதலில் தம் காதுக்குள்தான் ஏதோ இரைகிறது என்று நினைத்தார். அடித்தொண்டையில் யாரோ வாயைத் திறக்காமல் முனகுவதுபோல் நீளமான ஒரு ஓசை. உம்ம்ம் என்று எழுந்து, கொஞ்சம் நின்று, கரைந்துபோயிற்று. அது குதிரையிலிருந்துதான் வந்தது. வெள்ளை மேடுகள் இரண்டும் அவர் பக்கம் திரும்பியே இருந்தன.

"கேட்டீகளா?" என்றாள் ராக்காயி மெதுவாக. "எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சேன்." அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் அரசப்பனை இன்னும் கலக்கியது. தொப்பியை எடுக்காமலே வெளியே வந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட காளிதாஸ் கேட்டது ஒன்றே. "மணி என்ன அப்ப?"

"அஞ்சரை இருக்கும். பஸ்ஸு போச்சு."

"நல்லது" என்றார் காளிதாஸ், கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்ட சத்தத்தைக் கேட்டதுபோல.

செவ்வாய்க்கிழமை முழுக்க வெயில் காய்ந்தது. அன்று காலை மேலத்தெருவில் ஒரு பசுமாடு செத்துப்போயிற்று. ஊரில் உயிர் போகும் என்று கோடாங்கி சொன்னது பலித்துவிட்டதாகப் பேச்சு பரவியது. சாயங்காலத்துக்குள் சின்னச்சாமி வீட்டு வாசலில் யாரோ வேப்பங்கொத்தை எரித்துச் சாம்பலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ராக்காயி தன் இரண்டு சேலைகளையும் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கப் போவதில்லை என்றாள். அரசப்பன் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்ஸ்பெக்டர் சொல்ற வரைக்கும் நீ எங்குட்டும் போகக் கூடாது" என்று அதட்டினார். தன் குரல் நடுங்காமல் இருந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

புதன்கிழமை காலை குதிரை மறுபடி தராசில் ஏறியது. இருநூற்றுப் பதின்மூன்று கிலோ. உடைந்த கால் நான்கு கிலோ இருநூறு. அந்தக் காலைச் சூளைத் தணலுக்குப் பக்கத்தில் வைத்து, இனிமேல் குறையாது என்கிறவரை காய்ச்சி எடுத்தபோது சரியாக நான்கு கிலோ நின்றது. சுட்ட மண்ணுருண்டை எழுநூற்றிருபது கிராம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர்ப் பெரியவர்கள் கொட்டகையில் கூடினார்கள். இராமு, சோமு, ஆசைத்தம்பி மூவரும் வந்திருந்தார்கள். ராக்காயி மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். சூளைச் சுவரின் காரைப்பூச்சில் எழுத, காளிதாஸ் கையில் ஒரு கரித்துண்டு இருந்தது.

"காய்ஞ்ச காலு நாலு கிலோ" என்று ஆரம்பித்தார். "திங்கக்கிழமை அதுல நானூறு கிராம் தண்ணி. இன்னைக்குக் காலையில எறநூறு. ஏட்டையா, நூத்துக்கு எவ்வளவு?"

"பத்து. இப்ப அஞ்சு." அரசப்பன் முன்னால் வந்தார். காலையிலிருந்து அவர் மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "சார், நான் போட்டுட்டேன். மழைதான் சார். திங்கக்கிழமை குதிரை இருநூத்து இருபத்திரெண்டு. அதுல பத்துச் சதவீதம் தண்ணி இருபத்திரெண்டு. கழிச்சா..."

"எதுல பத்துச் சதவீதம்?"

"குதிரையில."

"காய்ஞ்ச மண்ணுல பத்து, ஏட்டையா. நனைஞ்ச குதிரையில இல்லை. காய்ஞ்சது நூறு பங்குன்னா நனைஞ்சது நூத்துப் பத்துப் பங்கு. இருநூத்து இருபத்திரெண்டை நூத்துப் பத்தால வகுத்து நூறால பெருக்குங்க."

அரசப்பன் தரையில் குச்சியால் போட்டார். "இருநூத்தி ஒண்ணு, எண்ணூறு கிராம். இன்னைக்கு அதோட அஞ்சு சதவீதம் தண்ணி சேர்த்தா..." உதட்டை அசைத்துக்கொண்டே முடித்தார். "இருநூத்திப் பன்னெண்டுக்கு நூறு கிராம் கம்மி. தராசு காட்டினது இருநூத்திப் பதிமூணு. ஒரு கிலோதானே சார் வித்தியாசம்! மழைதான்."

கூட்டத்தில் சிலர் மூச்சு விட்டார்கள். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார் ஆசைத்தம்பி.

"தராசு என்னுது" என்றார் காளிதாஸ். "அது ஒரு கிலோ பொய் சொல்லாது. பூராவும் மண்ணா இருந்தா பத்துக் கிலோ காய்ஞ்சிருக்கணும். ஒன்பதுதான் காய்ஞ்சிருக்கு. ஏன்? காயாத ஒண்ணும் இதுக்குள்ள இருந்தா?"

அவர் சுவரில் எழுதினார்.

"குதிரையோட காய்ஞ்ச மண்ணுக்கு 'ம'ன்னு பேர் வைப்போம். அறியாத அந்தப் பொருளுக்கு 'அ'. திங்கக்கிழமை ம-வும், ம-வுல பத்துச் சதவீதத் தண்ணியும், அ-வும் சேர்ந்து இருநூத்து இருபத்திரெண்டு. இன்னைக்கு ம-வும், அஞ்சு சதவீதமும், அதே அ-வும் சேர்ந்து இருநூத்திப் பதிமூணு. ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிங்க. மண்ணு போச்சு, அ-வும் போச்சு. மிச்சம் என்ன?"

"ம-வுல அஞ்சு சதவீதம்" என்றார் அரசப்பன். "அது ஒன்பது கிலோ. அஞ்சு சதவீதம் ஒன்பதுன்னா நூறு சதவீதம்... நூத்தி எண்பது."

"மண்ணு நூத்தி எண்பது. திங்கக்கிழமை தண்ணி பதினெட்டு. ரெண்டும் நூத்துத் தொண்ணூத்தெட்டு. தராசு இருநூத்து இருபத்திரெண்டுல நின்னுச்சே, அதுக்குப் பாக்கி?"

"இருபத்து நாலு."

"இன்னைக்கு மண்ணு நூத்தி எண்பது, தண்ணி ஒன்பது."

"நூத்தி எண்பத்தொன்பது... இருநூத்திப் பதிமூணு... அதே இருபத்து நாலு!"

"மழையில நனையல, வெயில்ல காயல." காளிதாஸ் திரும்பினார். "தாயி, குதிரைக்கு எத்தனை தகரம் மண்ணு மிதிச்சீக?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று ராக்காயிக்கு உடனே புரியவில்லை. "இருபத்தஞ்சு. தகரத்துக்குப் பத்துக் கிலோ. நாந்தான் எண்ணினேன்."

"இருநூத்தம்பது கிலோ ஈர மண்ணு. ஒரு கிலோ உருண்டை சூளையிலேர்ந்து எழுநூத்திருபது கிராமா வந்துச்சு. நூத்துக்கு எழுபத்திரெண்டு. இருநூத்தம்பதுக்கு நூத்தி எண்பது. இந்தத் தாயி சொன்ன கணக்கும் என் கணக்கும் ஒரு குன்றிமணி பிசகல. இவுக மிதிச்ச மண்ணுல குறையில்லை."

அரசப்பன் தம் சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்தார். மூன்று வாரமாகத் தினமும் அவர் பார்த்து வெறுத்த பக்கம் அது. உரக்கப் படித்தார். "அம்மன் கோயில் வெண்கல மணி. பர்மா மோல்மீனிலிருந்து வந்தது. நாக்கு நீங்கலாக எடை, கிலோ இருபத்து நாலு."

கொட்டகையில் ஒரு சலசலப்பு எழுந்தது. சோமு கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

அதே நேரம் ரோட்டில் பஸ் வரும் இரைச்சல் கேட்டது. தரை லேசாக அதிர்ந்தது. குதிரை முனகியது.

இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் சாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அரசப்பனும் ஒரு அடி பின்வைத்தார். ஆனாலும் அந்த நீண்ட ஓசை அடங்குவதற்குள், எந்தக் கோயிலிலும் விடியற்காலையில் கேட்கிற மணியோசையின் வால் அதில் இருப்பதைக் கண்டுகொண்டார்.

"பாரமான வண்டி போனா வீட்டுல வெண்கலப் பாத்திரம் அதிரும்ல?" என்றார் காளிதாஸ். "அதுதான்."

"சூளையில சூடு போக விடுற வயித்து ஓட்டையை யாரு அடைச்சது?" என்று அவரே பொதுவாகக் கேட்டார்.

"நான் எப்பவும் திறந்துதான் விடுவேன், வர்ணக்காரரு அடைப்பாரு" என்றார் சின்னச்சாமி.

"நான் வந்தப்பவே அடைச்சிருந்துச்சு!" என்று கத்தினார் இராமு. "வேளாரு அடைச்சிட்டாருன்னு அது மேலேயே சுண்ணாம்பு அடிச்சேன்."

"ஓட்டையை அகலமா வைன்னு யாரும் சொன்னாகளா, வேளாரே?"

சின்னச்சாமி கையை நீட்டினார். "ஆசைத்தம்பிதான். அப்பத்தான் நல்லா வேகும்னாரு."

ஆசைத்தம்பி சிரித்தார். "நல்லா வேகட்டும்னு சொன்னது ஒரு குத்தமா?"

"இல்லை. நூத்துக்குப் பதிமூணுன்னு சொன்னீகளே, அதுதான் குத்தம்." காளிதாஸ் குரலை உயர்த்தவில்லை. "பயந்தவரு ரெட்டிப்புன்னாரு. பக்தி உள்ளவரு அளவில்லைன்னாரு. வாய்க்கு வந்ததைச் சொல்றவன் பத்துங்கிறான், பதினஞ்சுங்கிறான், இருபதுங்கிறான். பதிமூணுன்னு சொல்றவன் வகுத்துப் பாத்தவன். நூத்தி எண்பதுல இருபத்து நாலு, நூத்துக்குப் பதிமூணு சொச்சம். குதிரையோட எடையும் உள்ளே இருக்கறதோட எடையும் தெரியாம அந்த எண்ணு வராது. பாரம் ஏத்துறதே உங்க தொழிலு. கணக்கு நாக்கு நுனியில நின்னுக்கிட்டே இருந்துச்சு, தானா விழுந்துருச்சு."

"பேச்சுக்குச் சொன்னதைப் புடிச்சுக்கிட்டு..."

"எப்பவும் இருபத்தெட்டுத் தகரம். சுட்டா இருநூத்திரெண்டு கிலோ வரும். நீங்க இருபத்தஞ்சாக் குறைச்சீக. நூத்தி எண்பதோட மணி சேர்ந்தா இருநூத்தி நாலு. எட்டுத் தோளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏட்டையா ஊரெல்லைல நின்னு கும்பிட்டு வழிவிட, ஊரே மணியைத் தூக்கிட்டுப் போய்க் காவலுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் வச்சிருக்கும். அங்கே யாரும் தொட மாட்டாக. உங்களுக்கு எப்ப வசதியோ அப்ப லாரியை நிறுத்தினாப் போதும். கணக்கு அருமையான கணக்கு."

ஆசைத்தம்பி சுற்றிலும் பார்த்தார். வாசலை அரசப்பனின் உடம்பு அடைத்திருந்தது.

"ஓட்டையைத் திறக்கலாமா, கோடாங்கியாரே?" என்று கேட்டார் காளிதாஸ். "உடைக்கல. வேளாரு விட்ட ஓட்டையைத் திறக்கறோம், அவ்வளவுதான்."

சோமு தலையை அசைத்தார். ஆனால் ஒருவரும் முன்வரவில்லை. இராமு பின்வாங்கினார். சின்னச்சாமி ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். கடைசியில் தூணோரத்திலிருந்து ராக்காயி வந்தாள். குதிரையின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து நகர்ந்து, ஒரு ஓட்டுச் சில்லால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். வெள்ளைத் தூள் அவள் முகத்திலும் கண்ணிலும் உதிர்ந்தது. பிறகு மண்பூச்சு பெயர்ந்தது. உள்ளே கையை விட்டாள். தோள்வரை போன கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

"குளுந்து கெடக்கு" என்றாள் அவள்.

வைக்கோல் வந்தது. பிறகு சணல் கயிறு வந்தது. நாலு பேர் குதிரையைச் சரித்துப் பிடிக்க, பச்சை பாய்ந்த அந்தப் பழைய மணி, வயிற்றிலிருந்து பிள்ளை பிறப்பதுபோல் மெல்ல இறங்கி அவள் மடியில் வந்து உட்கார்ந்தது.

ஆசைத்தம்பி திமிறவில்லை, ஓடவும் இல்லை. கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாழாப்போன மழை" என்றார். "அந்த ஒரு மழை மட்டும் பெய்யலைன்னா!"

"பெய்ஞ்சிருச்சு" என்றார் காளிதாஸ், தராசின் கொக்கியை மாட்டிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை புரவி எடுப்புக்குக் காவல் போட்டிருந்ததால் அரசப்பன் மறுபடி அங்கே இருந்தார். காலையில் இராமு வந்து குளித்த ஈரத்தோடு கண் எழுதினார். கரும்புள்ளி விழுந்ததும் குதிரையின் முகமே மாறிவிட்டது. அது இப்போது யாரையும் உற்றுக் கேட்கவில்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்தார்கள். கொட்டும் குலவையும் எழுந்தன.

ஆனால் ஊர்வலம் நகரவில்லை. முன்னால் நின்ற சோமு உடுக்கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சின்னச்சாமி வீட்டு வாசலுக்குப் போனார்.

"ராக்காயி, வா தாயி. நீ வராம எடுக்கக் கூடாதுன்னு ஊரு சொல்லுது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அன்னைக்குச் சாமி பேசுச்சா, நீங்க பேசுனீகளா?"

சோமு தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நாந்தான் பேசுனேன்" என்றார் கடைசியில், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற குரலில்.

"சரி. இருங்க. குளிச்சிட்டு வாரேன்."

கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. ஒரு வாளி, இரண்டு வாளி. பிறகு நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. கொட்டு நின்றுபோயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரின் கழுத்திலும் வியர்வை வழிந்தது. இறக்கி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சோமு கூடாதென்று தலையை ஆட்டினார். உள்ளே ஒருத்தி தலை துவட்டி, சீப்பெடுத்து, நிதானமாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் மொத்தமும் குதிரையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் காத்து நின்றது.